மதுரையிலிருந்து இலங்கை போய் காரில் சுற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொழும்பில் இறங்கிவிடலாம். வைகை எக்ஸ்பிரஸில் அந்த நேரத்துக்குத் திண்டுக்கல்தான் தாண்டியிருப்போம். 2012-ல் மதுரையிலிருந்து முதல் வெளிநாட்டு விமானம் பறந்ததும் கொழும்புக்குத்தான். இவ்வளவு பக்கம் என்பதால் பலரும் அடுத்த மாவட்டத்துக்குப் போகிற நினைப்பிலேயே கிளம்புகிறார்கள். அங்கே ரோட்டில் இறங்கி நூறு கிலோமீட்டர் ஓடியதும்தான், பார்க்க நம்மூர் மாதிரியே இருந்தாலும் இது வேறொரு நாடு என்று புரிய ஆரம்பிக்கிறது. அந்த வித்தியாசங்களுக்காகவே இலங்கையைக் காரில், அவசரமில்லாமல் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சொந்தக்காரர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நம்ம காரையே கப்பலில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா?

முடியாது. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கமுள்ள காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல், ஆட்களை மட்டும் ஏற்றிப்போவது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதுவும் நின்றுவிடும். கார் அங்கே போய் எடுப்பதுதான் வழி. ஒரு காலத்தில் ராமேஸ்வரம் பாதையில் தனுஷ்கோடி வரை ரயிலில் போய், அங்கே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயில் பிடிக்க முடிந்தது. 1964 புயலில் தனுஷ்கோடியோடு அந்த வழியும் போனது.

நாமே ஓட்டலாமா? டிரைவர் வைத்துக்கொள்வது நல்லதா?

இரண்டும் செய்யலாம். நாமே ஓட்ட, மதுரை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரம் வாங்கிக்கொள்ள வேண்டும், ஓராண்டு செல்லும். அது மட்டும் கையில் இருந்தால் போதாது. இலங்கையில் அதற்கு உள்ளூர் அங்கீகாரம் பெற வேண்டும், அல்லது அவர்களுடைய மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதி வாங்க வேண்டும். கார் தருகிறவர்களிடம் முன்பே பேசினால் இதைப் பெரும்பாலும் அவர்களே முடித்துத் தருவார்கள். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான், அதனால் பழக்கம் மாறாது.

பெரியவர்களோடு போனால் உள்ளூர் டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அங்கே நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது: பெரும்பாலான ஹோட்டல்களில் டிரைவருக்குத் தனியாகப் படுக்க இடமும் சாப்பாடும் தருகிறார்கள். கொடைக்கானலுக்குப் போனால் நம் டிரைவர் அண்ணன்கள் வண்டிக்குள்ளேயே சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்வதைப் பார்த்தே பழகியவர்கள் நாம். அறை பதிவு செய்யும்போதே டிரைவருக்கு இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

நாலு வழிச் சாலை உண்டா? ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகலாம்?

அதிவேகப் பாதைகள் உண்டு. கொழும்புப் பக்கத்திலிருந்து தென்கரையில் உள்ள காலி என்கிற ஊருக்குப் போகும் தெற்கு அதிவேகப் பாதை 2011-ல் திறந்தார்கள், 2020-ல் ஹம்பாந்தோட்டை வரை நீண்டது. விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கு வரும் பாதை 2013-ல் வந்தது. இவற்றில் மணிக்கு 100 கிலோமீட்டர் வரை போகலாம். பைக், ஆட்டோ இரண்டுக்கும் அனுமதி கிடையாது.

மற்றபடி பெரும்பாலும் இரு வழிச் சாலைகள்தான், ஊருக்குள் 50, வெளியே 70 என்பது வரம்பு. நடைமுறையில் மணிக்கு 35, 40 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் ஏமாற மாட்டீர்கள். கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீட்டர் சுமார். மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, நாலும் ஆகும். மதுரையிலிருந்து திருச்சிக்கு இரண்டு மணி நேரத்தில் போய்ப் பழகியவர்கள் ஒரே நாளில் கண்டி, நுவரெலியா, எல்ல என்று மூன்று மலை ஊர்களுக்கும் திட்டம் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ரோட்டில் முதலில் கண்ணில் படுகிற வித்தியாசம் எது?

நடந்து போகிறவர்கள் ரோட்டைக் கடக்கும் வரிக்கோட்டில் ஒருவர் கால் வைத்ததும் வண்டிகள் நிற்பது. நிற்காவிட்டால் போலீஸ் பிடிக்கும் என்பது ஒரு காரணம், பழகிப்போனது இன்னொரு காரணம். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரோட்டைக் கடந்து பழகிய நமக்கு, எதிரே வருகிற பஸ் நமக்காக நிற்கிறது என்று நம்பவே ஒரு நாள் பிடிக்கும். காரில் போகிறவர் இதை இன்னும் கவனமாக மனதில் வைக்க வேண்டும்: முன்னால் போகிற வண்டி சட்டென நிற்கும், இடைவெளி விட்டுப் போங்கள்.

அடுத்தது காதுக்குத் தெரிகிற வித்தியாசம். ஹாரன் சத்தம் நம்மூரை விடக் குறைவு. தனியார் பஸ்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவை வேகத்திலும் ஹாரனிலும் நம் மினி பஸ்களுக்குச் சளைத்தவை அல்ல.

மூன்றாவது வெள்ளைக் கொடிகள். சிங்களக் கிராமங்கள் வழியாகப் போகும்போது திடீரென்று ரோட்டின் இரு பக்கமும் சின்னச் சின்ன வெள்ளைக் கொடிகளும் தோரணங்களும் வரிசையாகத் தெரியும். ஏதோ திருவிழா என்று நினைத்துவிட வேண்டாம், அந்தப் பக்கத்தில் ஒரு சாவு வீடு. கொடிகளைப் பின்தொடர்ந்தால் வீடு வந்துவிடும். போகிறவர்களும் வெள்ளை உடுத்தித்தான் போவார்கள். நம் பக்கம் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் பறையும் வெடியுமாக ஊருக்கே தெரிவிப்போம். அங்கே அதே சேதியைக் கொடிகள் சத்தமில்லாமல் சொல்கின்றன. அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, பாட்டை நிறுத்திவிட்டுப் போவது நல்லது.

புது வீடு கட்டுகிற இடங்களில் நாம் திருஷ்டி பொம்மை கட்டுகிறோமே, அங்கேயும் வைக்கோல் அடைத்த சட்டை, பேன்ட் போட்ட உருவம் தொங்கும். ரோட்டோரத்தில் நெல் காயப்போடுவதும் அப்படியே. மேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அதைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வந்துவிடும்.

காலையில் ஒரு ஆட்டோ மேற்கத்திய இசை போட்டுக்கொண்டே போகிறதாமே, அது என்ன?

அது பேக்கரி ஆட்டோ. பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி. உள்ளே பாண், அதாவது ரொட்டி, பிறகு சீனி தூவிய பன், முக்கோண வடிவ மீன் பன் எல்லாம் அடுக்கியிருக்கும். பேத்தோவனின் ‘ஃபியூர் எலீஸ்’ மெட்டை ஒலிபெருக்கியில் ஒலித்தபடி தெருத்தெருவாக வரும். நம்மூரில் உப்பு, கீரை, பழைய இரும்பு என்று ஆளுக்கு ஒரு குரல் இருப்பதைப்போல, அந்த மெட்டு கேட்டால் பாண் வந்துவிட்டது என்று வீடுகளில் எழுந்து வருவார்கள். காலையிலும் மாலையிலும் வரும். கிராமத்து ரோட்டில் எதிர்ப்பட்டால் நிறுத்தி வாங்குங்கள், சூடாக இருக்கும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

இதுதான் அதிகம் வருகிற கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மதியம் சோறும் கறியும். வெள்ளை அல்லது சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பால் விட்ட பருப்பு, இரண்டு மூன்று காய்க்கறி, துவையல் மாதிரியான தேங்காய்ச் சம்பல், வேண்டுமானால் மீன் அல்லது கோழி. சாம்பார், ரசம், மோர் என்கிற வரிசையே கிடையாது. எல்லாக் கறியையும் தட்டைச் சுற்றி வைத்து ஒரே நேரத்தில் கலந்து சாப்பிடுகிறார்கள். பல கடைகளில் தட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துப் பரிமாறுவார்கள். வாழையிலைக்குப் பழகிய நமக்கு ஒரு மாதிரி இருக்கும்.

இரவில் அந்தச் சோறு தேடாதீர்கள், மதியத்தோடு தீர்ந்துவிடும். இரவு என்றால் இடியாப்பம், ஆப்பம், கொத்து ரொட்டி. கொத்து ரொட்டிக் கடையை மதுரைக்காரருக்கு யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை. தகட்டில் இரும்பு தட்டுகிற அந்தத் தாளம் தெருமுனையிலேயே கேட்கும். ஆனால் ருசி வேறு. நம் கொத்து பரோட்டாவில் முறுகலான பரோட்டாவும் சால்னாவும் இழைந்து வரும். அவர்களுடையதில் ரொட்டி மெல்லியது, மிருதுவானது. கேரட், லீக்ஸ், முட்டை எல்லாம் சேர்ந்து கொத்தப்படுகிறது. சீஸ் ஊற்றிய கொத்துக்கு இளவட்டம் வரிசையில் நிற்கிறது. எனக்கு நம்மூர்க் கொத்துதான் உசத்தி. அவர்களுடைய ஆப்பத்துக்கும் வெங்காயச் சம்பலுக்கும் முன்னால் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

டீக்கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை, பன் கொண்டுவந்து வைப்பார்கள். ‘இதை நாங்கள் கேட்கவில்லையே’ என்று பதற வேண்டாம். எடுத்ததற்கு மட்டும்தான் காசு, மீதியை எண்ணி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பால் டீ பெரும்பாலும் பால்மாவில், அதாவது பால் பவுடரில் போட்டது. நுரை பொங்க ஆற்றுகிற டீக்குப் பழகியவர்கள் பாலில்லாத டீ கேளுங்கள். இஞ்சி தட்டிப் போட்டு, ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். அது அருமை.

கொழும்பில் காலிமுகத் திடலில் மாலை நேரம் போனால் பருப்பு வடை மேல் முழு இறாலைப் பதித்துச் சுட்டுத் தருவார்கள். தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும்.

சுத்த சைவம். என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

மாசி. காயவைத்த மீனைத் தூளாக்கிச் சம்பலிலும் சில காய்க்கறிகளிலும்கூடப் போடுவார்கள். பார்த்தால் தெரியாது, ‘மாசி போடாதது’ என்று கேட்டு வாங்க வேண்டும். கொழும்பில் வெள்ளவத்தை, கண்டி நகரம், வடக்கு முழுவதும் சைவக் கடைகள் தாராளமாக உண்டு. தெற்குக் கரையில் குறைவு. பழம், பன், தயிர் கையிருப்பில் இருக்கட்டும்.

கண்டி போகும் வழியில் எங்கெங்கே நிறுத்தலாம்?

இந்த ரோட்டில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சரக்கு. ஓரிடத்தில் பிரம்புக் கூடையும் நாற்காலியுமாகக் கடைகள், கொஞ்சம் தள்ளி முந்திரிப்பருப்புக்கென்றே ஒரு கிராமம். கஜுகம என்று பெயர். பெண்கள் பளிச்சென்ற உடையில் ரோட்டோரம் வரிசையாக நின்று விற்கிறார்கள். செவ்விளநீர்க் குலைகள் எங்கும் தொங்கும். நம் பச்சை இளநீரை விடச் சற்று இனிப்பு.

கடுகண்ணாவையில் கட்டாயம் இறங்குங்கள். 1820-களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் ஆங்கிலேயர் இந்த ரோட்டைப் போட்டபோது ஒரு பாறையைக் குடைந்து வழி விட்டார்கள். மலையைத் துளைத்து வருகிறவனுக்குத்தான் கண்டி அடங்கும் என்று அங்கே ஒரு பழங்கதை உண்டு, அதைப் பொய்யாக்கக் கூடாது என்றே குடைந்தார்கள் என்பார்கள். ரோட்டைப் போட்ட பொறியாளர் டாசனுக்கு 1832-ல் எழுப்பிய கோபுரம் பக்கத்திலேயே நிற்கிறது.

கண்டியில் ஏரியைச் சுற்றி நடக்கும்போது மதுரையை நினைக்காமல் இருக்க முடியாது. அந்த ஏரியை 1807-ல் வெட்டியவர் கண்ணுசாமி என்கிற ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்டியின் கடைசி அரசர். கண்டி அரசர்கள் மதுரை நாயக்கர் வழியில் பெண்ணெடுத்தார்கள். 1739-ல் வாரிசில்லாமல் போனபோது அந்தப் பெண் வீட்டு உறவே அரியணை ஏறியது. 1815-ல் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டு போக, கடைசி அரசர் வேலூரில் இறந்தார்.

தமிழ் மட்டும் தெரிந்தால் சமாளிக்கலாமா?

வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் தாராளமாக. கொழும்பில் பெரும்பாலும். காலி, மாத்தறை, ஹம்பாந்தோட்டைப் பக்கம் ஆங்கிலம்தான் கைகொடுக்கும். ரோட்டுப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும், வழி கண்டுபிடிக்கச் சிரமமில்லை. பெட்ரோல் பங்க்கை ‘செட்’ என்பார்கள். நம் இந்தியன் ஆயிலின் கிளை நிறுவனமே அங்கே பல இடங்களில் நடத்துகிறது. பஸ்ஸில் ஏறினால் முன் இருக்கை மதகுருமாருக்கு ஒதுக்கியது. பிக்கு ஏறினால் எழுந்து இடம் விட வேண்டும். பெண்கள் பிக்குவின் பக்கத்தில் உட்காருவதையும் கையில் நேராகப் பொருள் கொடுப்பதையும் தவிர்ப்பது வழக்கம்.

பௌத்தக் கோயில்களில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

செருப்பு, தொப்பி இரண்டையும் கழற்றிவிடுங்கள். முழங்காலும் தோளும் மூடிய, முடிந்தால் வெள்ளை உடை. புத்தருக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுப்பது பெரிய அவமரியாதை, காவலர் வந்து அழிக்கச் சொல்வார். புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பியதும் நடந்திருக்கிறது. தேங்காய், பூமாலைக்குப் பதிலாக அங்கே தாமரையும் அல்லியும். மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக மடித்து விரித்துப் புத்தர் முன் வைக்கிறார்கள்.

நம் ஆட்கள் கவனிக்காமல் வந்துவிடுகிற விஷயம் ஒன்று: விகாரைகளுக்குள்ளும் பக்கத்திலும் விஷ்ணுவும் முருகனும் இருப்பார்கள். பத்தினித் தெய்வம் என்று ஒரு சன்னதியும் இருக்கும். அவள் கண்ணகி. மதுரையை எரித்தவளைத்தான் சிங்கள மக்கள் மழைக்கும் நோய் தீரவும் கும்பிடுகிறார்கள். கண்டியில் புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்கு எதிரிலேயே அவளுக்குக் கோயில் உண்டு, எசல பெரஹெரா என்கிற வருடாந்திரத் திருவிழா ஊர்வலத்தில் அந்தக் கோயிலும் கலந்துகொள்ளும். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னன் வந்திருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. நம்மூரில் சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகிக்குச் சிலை உண்டு, ஆனால் தினமும் அந்த வழியாகப் போகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. மதுரைக்காரர்கள் கண்டிக்குப் போய் அந்தக் கோயிலைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

கதிர்காமத்தில் முருகனைப் பார்க்கவே முடியாதாமே?

ஆமாம். திருப்பரங்குன்றத்திலும் பழமுதிர்சோலையிலும் தீபாராதனை வெளிச்சத்தில் முகம் பார்த்துக் கும்பிட்டே வளர்ந்த நமக்கு இது பெரிய மாற்றம். கருவறைக்கு முன் திரை தொங்கும். திரையில் மயில்மேல் முருகனும் வள்ளி தெய்வானையும் வரைந்திருப்பார்கள். அந்தத் திரைக்குத்தான் வணக்கம். திரை விலகாது. பூஜை செய்கிறவர் கபுராளை, சிங்களவர். வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகச் செய்வார். வெளியே கடைகளில் பழத்தட்டு வாங்கி, குடும்பத்தோடு தலையில் வைத்தோ கையில் ஏந்தியோ வரிசையில் போவார்கள். ஒரு பங்கை உள்ளே வைத்துக்கொண்டு மீதியைப் பிரசாதமாகத் தருவார்கள். அதற்கு முன் மாணிக்க கங்கையில் குளியல். கோயில் எல்லையிலேயே பள்ளிவாசலும் இருக்கிறது, பௌத்தர்கள் வந்து குவிகிறார்கள். கொஞ்சம் தள்ளித் தெய்வானை அம்மன் கோயிலில் நம் முறைப்படி பூஜை பார்க்கலாம்.

‘சாமியே தெரியவில்லையே, இவ்வளவு தூரம் வந்து’ என்று பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். முன்பே சொல்லிக் கூட்டிப்போங்கள். அப்படிச் சொல்லிக் கூட்டிப்போனவர்கள் திரை முன்னால் கண்ணை மூடி நின்று நெகிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பௌர்ணமி அன்று ஊரே மூடிவிடுமா?

ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே அரசு விடுமுறை, போயா தினம். மதுக்கடை, இறைச்சிக் கடை திறக்காது. விகாரைகளுக்குப் போகும் ரோடுகளில் வெள்ளை உடை உடுத்திய கூட்டம். பயணத்துக்குத் தடை இல்லை.

வெசாக் பௌர்ணமி மட்டும் தனிக் கொண்டாட்டம். மே மாதத்தில், நம் வைகாசி விசாகத்தை ஒட்டி வரும். வீடுதோறும் காகித விளக்குக் கூடுகள், ஊர்ச்சந்திகளில் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளைப் படம் படமாகக் காட்டும் மின்விளக்குப் பந்தல்கள். ரோட்டோரம் தன்சல் என்று அன்னதானம் நடக்கும்; கொடியை ஆட்டி நம் வண்டியை நிறுத்தி, இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்பார்கள். ஓரிடத்தில் சோறு, இன்னோரிடத்தில் ஐஸ்கிரீம். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு நாம் ரோட்டில் நின்று பானகமும் நீர்மோரும் புளியோதரையும் கொடுப்போமே, அதே மனசு. வெளிநாட்டுக்காரர், வேறு மதம் என்று யாரும் பார்ப்பதில்லை. கூட்டத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும், அன்று நீண்ட தூரம் போகத் திட்டமிடாதீர்கள்.

ஏப்ரலில் பிள்ளைகளுக்கு லீவு. அப்போது போகலாமா?

போகலாம், ஆனால் சித்திரை 1-ஐ ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். சிங்களவர்களுக்கும் அன்றுதான் புத்தாண்டு. அடுப்பு மூட்ட, முதல் கவளம் சாப்பிட, வேலை தொடங்க என்று ஒவ்வொன்றுக்கும் நாடு முழுக்க ஒரே நல்ல நேரம் குறித்திருப்பார்கள். பழைய ஆண்டு முடிந்து புது ஆண்டு பிறக்கிற இடைப்பொழுதில் அடுப்பே மூட்டுவதில்லை. எல்லோரும் ஊருக்குப் போய்விடுவதால் சாப்பாட்டுக் கடைகள் சில நாள் மூடியே கிடக்கும். நம்மூரில் சித்திரை என்றால் மாசி வீதி நிரம்பும். அங்கே கொழும்பு காலியாகிவிடும்.

மழையைப் பொறுத்தவரை மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கும் மலைநாடும் நனையும், அக்டோபர் முதல் ஜனவரி வரை வடக்கும் கிழக்கும். மலைப் பாதையில் மண்சரிவு வரும், கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள்.

தேயிலைத் தோட்டங்களில் நம் ஆட்கள் இருக்கிறார்களாமே?

இருக்கிறார்கள். மதுரை, ராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து பிழைக்கப் போனவர்களின் வழிவந்தவர்கள். ஆங்கிலேயர் முதலில் காப்பி போட்டார்கள், 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். இரண்டுக்கும் மலையை வெட்டித் திருத்தியவர்கள் இவர்களே. தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் ஏராளம். நம் பக்கத்துக் கிராமங்களில் இன்றைக்கும் வயதானவர்கள் ‘கண்டிச் சீமைக்குப் போனவங்க’ என்று சொல்வது இவர்களைத்தான். 1948-ல் குடியுரிமை பறிபோனது. 1964-ல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து, பாதி இங்கே வந்தது.

அதனால் நுவரெலியா ரோட்டில் கொழுந்து பறிக்கிற பெண்களைப் பார்த்ததும் கேமராவை எடுக்காதீர்கள். முதலில் ‘வணக்கம்மா’ என்று சொல்லுங்கள். ‘மதுரையிலிருந்து வர்றோம்’ என்றால் பெரும்பாலும் அவர்களே ‘எங்க தாத்தாவுக்கு அந்தப் பக்கம்தான்’ என்று ஆரம்பிப்பார்கள். சிலருக்கு ஊர்ப் பெயர்கூடத் தெரிந்திருக்கும். பேச்சும் நம் பேச்சு மாதிரியே இருக்கும். வீட்டுக்கு அழைத்து டீ கொடுத்தால் குடியுங்கள். அவர்கள் இருக்கும் ‘லயன்’ என்கிற வரிசை வீட்டு அறைகளைப் பார்த்தால், நாம் குடிக்கிற டீயின் கூலி எவ்வளவு குறைவு என்பது புரியும்.

நுவரெலியா ஊர் 1,868 மீட்டர் உயரம், கொடைக்கானலை விடக் குறைவு, ஆனால் குளிர் அதே. செங்கல் நிறத் தபால் நிலையமும் ஆங்கிலேயர் வீடுகளும் பார்க்கத் தகுந்தவை.

யாழ்ப்பாணம் போகும் வழியில் எல்லா வண்டியும் ஒரு பிள்ளையார் கோயிலில் நிற்கிறதே?

அது முறிகண்டி. ஏ9 ரோட்டில் கிளிநொச்சிக்கு முன்னால் வரும் சின்னக் கோயில். தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்று பார்க்காமல் டிரைவர்கள் நிறுத்தி, தேங்காய் உடைத்து, விபூதி வைத்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். அங்கே கச்சான், அதாவது வறுத்த நிலக்கடலை வாங்குவது பாதி வேண்டுதல் மாதிரி. மேலமடைப் பாண்டி கோயிலில் புது வண்டிக்குப் பூஜை போட்டுப் பழகிய நமக்கு இது உடனே பிடித்துப்போகும். தெற்கே களுத்துறையில் போதி மரத்தடியிலும் இதே பழக்கம். அங்கே உண்டியலில் காசு போட்டுவிட்டுப் போவார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஓடுகிற பழைய மோரிஸ் மைனர், ஆஸ்டின் கார்களைப் பாருங்கள். போர்க்காலத்தில் பொருள் தடை இருந்ததால் புது வண்டியும் உதிரிபாகமும் வரவில்லை. பெட்ரோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்த வண்டிகளில் சிலவற்றை இன்னும் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். நல்லூர் கந்தசாமி கோயிலில் ஆண்கள் சட்டையில்லாமல்தான் உள்ளே போக வேண்டும், மணி தவறாமல் பூஜை நடக்கும். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான். நம்மூர்க் கோயில்களின் கட்டணப் பலகை கண்முன் வந்துபோனது எனக்கு. புங்குடுதீவுக்குக் கடலுக்கு நடுவே போட்ட ரோட்டில் ஒரு மாலை நேரம் போய் வாருங்கள். பருத்தித்துறை வடை தட்டையாக, மொறுமொறுவென்று இருக்கும், பல நாள் கெடாது. ஊருக்கு வாங்கிவர அதுவே நல்லது.

தெற்கே ஆளே இல்லாத பெரிய ரோடுகள் உண்டாமே?

ஹம்பாந்தோட்டைப் பக்கம். 2013-ல் மத்தளையில் ஒரு சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள். விமானங்கள்தான் அதிகம் வரவில்லை. அதற்காகப் போட்ட அகல ரோடுகளில் எருமைகள் மெதுவாகக் கடக்கும். அந்த எருமைப் பாலில் உறைந்த தயிரை மண்சட்டியோடு ரோட்டோரக் கடைகளில் அடுக்கியிருப்பார்கள். கித்துள் பனைப் பாகு ஊற்றிச் சாப்பிட வேண்டும்.

ரோட்டில் யானை நின்றால்?

தூரத்திலேயே நிறுத்துங்கள். இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், லைட்டை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். புத்தல–கதிர்காமம் ரோட்டில் சில யானைகள் வண்டியை மறித்துப் பழம் கேட்கப் பழகிவிட்டன. இரக்கப்பட்டுக் கொடுப்பவர்களால்தான் அந்தப் பழக்கம் வந்தது, கொடுக்க வேண்டாம். ஹபரணைப் பக்கத்தையும் இந்த ரோட்டையும் இருட்டுவதற்கு முன் தாண்டிவிடுங்கள். பெரிய உடும்பு மாதிரி ஒன்று ரோட்டைக் கடந்தால் அதற்கும் வண்டிகள் நிற்கும், நீங்களும் நில்லுங்கள்.

பணம், போன், ப்ளக்?

2024 பிப்ரவரி முதல் நம் யு.பி.ஐ. அங்கே க்யூ.ஆர். உள்ள கடைகளில் செல்கிறது. ரோட்டோரக் கடைகளுக்கு ரொக்கம் வேண்டும். நேரம் நம் நேரமேதான். புதிய ஹோட்டல்களில் சதுர முள் ப்ளக், ஒரு அடாப்டர் வாங்கிப் போங்கள். காரில் தமிழ் எஃப்.எம். நாடு முழுக்க ஏதாவதொன்று கிடைக்கும்.

ஒரு வாரம்தான் லீவு. வடக்கா, தெற்கா?

இரண்டையும் சேர்க்காதீர்கள். குழந்தைகள் இருந்தால் கண்டி, நுவரெலியா, எல்ல, கதிர்காமம், அங்கிருந்து காலி வழியாகக் கொழும்பு. மலை, காடு, கடல் மூன்றும் வந்துவிடும். அப்பா அம்மாவோடு போனால் கொழும்பிலிருந்து அனுராதபுரம் போய், ஏ9 பிடித்து யாழ்ப்பாணம், திரும்புகையில் கண்டி. யாழ்ப்பாணத்தில் மூன்று இரவாவது தங்குங்கள்; அங்கே வயதானவர்களுக்குப் பேச ஆள் கிடைப்பார்கள், சாப்பாடு ஒத்துக்கொள்ளும், கோயில்கள் பக்கம் பக்கமாக இருக்கும்.